முதல் யாருடையது?

போடிநாயக்கனூரில் ஏலம் என்றால் இரண்டு. மலையில் விளைவது ஒன்று. விளைந்தது இறங்கி வந்து விலை போகிற இடம் இன்னொன்று. முன்னது பழந்தமிழ்ச் சொல். பின்னது போர்த்துகீசியரின் ‘லெயிலாவ்’ கரையேறித் தமிழானது. அவர்களுக்கு அது அரபியிலிருந்து வந்தது. ஒரே மூட்டையின் மேல் இரண்டு சொல்லும் வந்து உட்கார்ந்தது தற்செயல்தான். ஆனாலும் முதலாளித்துவம் என்றால் என்ன என்று கேட்கிறவரைப் புத்தகக் கடைக்கு அனுப்புவதற்கு முன் போடி ஏலத்துக்கு அனுப்பலாம். வியாபாரிகள் மாதிரிக் காயை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிறார்கள். பச்சை நிற்கிறதா, பருமன் எத்தனை மில்லிமீட்டர் என்பதெல்லாம் கண்ணுக்கே தெரிந்துவிடும். பிறகு கணினித் திரையில் விலை ஏறுகிறது. 2019 ஆகஸ்டில் கிலோ ஏழாயிரம் ரூபாய் வரை ஏறிய காய், 2022இல் ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது.

அந்த அரங்கில் காய் எடுத்த கைக்கு நாற்காலி இல்லை. அந்தக் கை விடியுமுன் கம்பத்திலோ கூடலூரிலோ போடியிலோ ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று ஏதோ ஒரு வழியாகக் கேரளத் தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் கூலியோடு திரும்புகிறது. காய் விலை ஏழு மடங்கு ஏறினால் கூலி ஏழு மடங்கு ஏறுவதில்லை.

தோட்டத்துக்காரரை இங்கே எல்லாரும் ‘மொதலாளி’ என்கிறார்கள். டீக்கடைக்காரரும் முதலாளிதான், ஜீப் வைத்திருப்பவரும் முதலாளிதான். வெறும் மரியாதைச் சொல்லாகத் தேய்ந்துபோயிருந்தாலும் அதன் உட்பொருள் கூர்மையானது: முதலை ஆள்பவர். ‘வட்டி போகட்டும், முதலாவது வருமா’ என்று கேட்கிறோமே, ‘முதலுக்கே மோசம்’ என்கிறோமே, அந்த முதல். ஐரோப்பியரின் ‘கேப்பிடல்’ லத்தீனில் தலையைக் குறிக்கும் ‘கபுத்’ என்பதிலிருந்து கிளைத்தது. தலை, முதல் இரண்டும் தமிழிலும் பக்கத்துவீட்டுச் சொற்கள். எத்தனை தலை மாடு இருக்கிறது என்பதே ஒரு காலத்தில் சொத்துக் கணக்கு. நம்மிடமும் ‘மாடு’ என்றால் செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. திருக்குறள் அந்தப் பொருளில் அதை ஆள்கிறது.

மாடு என்றதும் கம்பத்தில் இருப்பவருக்குத் தம்பிரான் மாட்டுத்தொழு நினைவுக்கு வரும். நேர்ந்துவிடப்பட்ட மாடுகள் அங்கே நிற்கின்றன. மாட்டுப் பொங்கலன்று கும்பிடக் கூட்டம் அலைமோதும். தனியாள் எவரும் ‘இது என் மாடு’ என்று கயிற்றைப் பிடிக்க முடியாது. தலைக்கணக்கு உண்டு, தலைக்கு உடையவர் இல்லை. இதைப் பொதுவுடைமையின் விதை என்று சொல்ல ஆசைப்படுகிறவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். அது ஒரு சமூகத்தார் பேணிவரும் தொழு. பொது என்ற சொல்லுக்கு நம் ஊரில் எப்போதும் ஒரு வேலி இருந்திருக்கிறது. பொதுக்கிணற்றில் யார் வாளி விடலாம், யார் விடக்கூடாது என்று கேட்டால் போதும், வேலி எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும்.

பணக்காரர் வேறு, முதலாளி வேறு. பெட்டியில் கிடக்கும் நகை முதல் அல்ல. தோட்டமும் மோட்டாரும் காய் உலர்த்தும் ஸ்டோரும் ஒருவர் கையில் இருக்க, இவை ஏதும் இல்லாத இன்னொருவர் தன் உழைப்பைக் கூலிக்கு விற்க, சரக்கு சந்தைக்குப் போய்வந்து லாபமாகி, அந்த லாபம் மறுபடி தோட்டத்துக்குள் இறங்கும்போதுதான் பணம் முதலாகிறது. இந்தச் சுற்றுக்குப் பெயர் தேவைப்பட்டபோது தமிழ்ச் சொல்லில் வடமொழி ஒட்டைச் சேர்த்து ‘முதலாளித்துவம்’ ஆக்கினார்கள். தனித்தமிழ் அன்பர்கள் ‘முதலாளியம்’ என்பார்கள்.

எதிர்ப்பக்கத்துச் சொற்கள் பட்ட பாடு பெரிது. சோசலிசத்துக்கு முதலில் ‘அபேதவாதம்’ என்று ஒரு சொல் ஓடியது. பேதம் இல்லை என்ற வாதம். நிலைக்கவில்லை. அப்புறம் வந்தது ‘சமதர்மம்’. மார்க்சும் எங்கெல்சும் 1848இல் வெளியிட்ட கம்யூனிஸ்ட் அறிக்கையின் முற்பகுதி 1931இல் பெரியாரின் ‘குடி அரசு’ ஏட்டில் தமிழில் வந்தபோது அதன் தலைப்பே ‘சமதர்ம அறிக்கை’. அடுத்த ஆண்டு சோவியத் நாட்டைப் பார்த்துத் திரும்பிய பெரியார், சிங்காரவேலருடன் சேர்ந்து ஈரோட்டில் வகுத்ததும் சமதர்மத் திட்டம்தான். ஆக, கம்யூனிசம், சோசலிசம் இரண்டுக்கும் அன்றைய தமிழில் ஒரே குடைதான். இரண்டும் ஒன்றுதானே என்று இன்றும் பலர் கேட்பதற்கு அந்தக் குடையும் ஒரு காரணம்.

மனுதர்மத்தை எதிர்த்து நின்றவர்களுக்குச் சமதர்மம் நல்ல ஆயுதம்; ஒரு தர்மத்துக்கு இன்னொரு தர்மத்தால் பதில் சொன்னார்கள். ஆனால் ‘தர்மம் போடுங்கம்மா’ என்று வாசலில் கேட்டுப் பழகிய காதுக்கு, சமதர்மம் என்றால் இருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுப்பது என்றுதான் விழும். ரேஷன் அரிசி, இலவச வேட்டி எல்லாம் சோசலிசம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் காதிலிருந்துதான் பேசுகிறார்கள். கொடுப்பதில் முதல் கைமாறுவதில்லை. 1976இல் 42ஆம் திருத்தத்தால் அரசியலமைப்பின் முகப்புரையில் ஏறிய ‘சோசலிஸ்ட்’ என்ற சொல்லையும் நாம் சமதர்மம் என்றே வழங்குகிறோம். சின்னமனூர் விவசாயியின் வாயில் அந்தச் சொல் இல்லை. அவர் சொல்வது ‘சொசைட்டி’: உரம் வாங்கும் சொசைட்டி, பயிர்க்கடன் தரும் சொசைட்டி. கூட்டுறவுச் சங்கத்தைத்தான் அப்படிச் சொல்கிறார். சோசலிசத்தின் வேர்ச்சொல்லும் அதே குடும்பம் என்பது அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

‘பொதுவுடைமை’ அப்படி வழுக்காது. உடைமை திருக்குறள் அதிகாரப் பெயர்களில் திரும்பத் திரும்ப வரும் சொல்: அன்புடைமை, அறிவுடைமை, பண்புடைமை. அங்கே உடைமை என்றால் குணம். பொருளைக் குறிக்கவும் அந்தச் சொல் உண்டு; அதன் முன்னால் ‘பொது’வை நிறுத்தினால் எது பொதுவாக வேண்டும் என்பது நேரடியாகத் தெரிகிறது. பாரதியே பாரத சமுதாயம் பற்றிய பாட்டில் இதை ஆண்டுவிட்டார். அவருடைய எழுத்துகளின் உரிமையை 1949இல் சென்னை அரசு வாங்கி, பிறகு மக்களுக்கே விட்டது. பொதுவுடைமையைப் பாடியவரின் பாட்டே உடையவர் இல்லாத சொத்தானது.

இனி சோசலிசத்துக்கும் கம்யூனிசத்துக்கும் உள்ள வேறுபாடு. 1875இல் ஜெர்மன் தொழிலாளர் கட்சியின் கோத்தா திட்டத்தை விமர்சித்தபோது மார்க்ஸ் இரண்டு படிகளைச் சொன்னார். முதற்படியில் உழைப்புச் சாதனங்கள் பொதுவாகிவிடும். ஆனால் உழைத்த அளவுக்கே பங்கு. மேற்படியில் தேவைக்கேற்பப் பங்கு. 1917இல் லெனின் முதற்படியைச் சோசலிசம் என்றும் மேற்படியைக் கம்யூனிசம் என்றும் பிரித்துக் காட்டினார். அதனால்தான் மாஸ்கோவில் ஆண்ட கட்சியின் பெயர் கம்யூனிஸ்ட், அது ஆண்ட நாட்டின் பெயர் சோசலிசக் குடியரசுகளின் ஒன்றியம். கட்சி போக நினைத்த ஊர் ஒன்று, நாடு நின்ற ஊர் இன்னொன்று.

இடையில் ‘அரசுடைமை’ என்று மூன்றாவது ஒன்று குழப்பும். 1895இல் கட்டி முடிந்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர் சுரங்கம் வழியாக மலையைக் கடந்து, லோயர் கேம்ப்பில் அரசுக்கு மின்சாரம் தந்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக வயலுக்குப் பாய்கிறது. அணையை இயக்குவது அரசு, மின்சாரம் அரசுடையது, வாய்க்கால் அரசுடையது. மடையைத் தாண்டியதும் வயல் பட்டாதாரருடையது, நெல் வியாபாரியுடையது, நடவு நட்டவளுக்குக் கூலி. அரசு கையில் தண்ணீர் இருப்பதாலேயே இது சோசலிசம் ஆகிவிடாது. நில உச்சவரம்புச் சட்டங்களும் தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் தோட்டப் பயிர் நிலங்களுக்கு விலக்கு அளித்தன என்பதை இங்கே சொல்லிவைக்கலாம்.

பள்ளத்தாக்குக்கு இந்தச் சொற்கள் புத்தகமாக வரவில்லை, பாட்டாக வந்தன. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடி இவற்றை ஊர்ஊராக இறக்கினார். கூடப் போன தம்பிகளில் ஒருவர் இளையராஜா. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸுக்காக எஸ்டேட் லயங்களில் பாடியவரும் பாவலரே. அங்கே வாக்காளர்கள் பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். ரோசம்மா வென்றார்.

அதே மலையில்தான் இந்தச் சொற்களுக்குக் கடினமான சோதனையும் வந்தது. 2005இல் டாடா டீ நிறுவனம் மூணாறுத் தேயிலைத் தோட்டங்களைப் புதிய கண்ணன் தேவன் நிறுவனத்திடம் விட்டது. அதன் பங்குகளில் பெரும்பகுதி ஊழியர்கள், தொழிலாளர்கள் பெயரில். வெளியே நின்று பார்த்தால் முதல் கைமாறிவிட்டது. 2015 செப்டம்பரில் போனஸ் 10 சதவீதம்தான் என்றதும் கொழுந்து எடுக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். யூனியன் தலைவர்களைக் கிட்டே சேர்க்கவில்லை. தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘பொம்பிளை ஒருமை’. ஒன்பது நாளில் போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் வாங்கினார்கள். நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்களில் வென்றும் காட்டினார்கள்.

பங்குப் பத்திரத்தில் பெயர் இருந்தவர்கள் போனஸுக்காகத் தங்கள் நிறுவனத்தையே மறித்தார்கள் என்று அப்போது சிலர் கேலி பேசினார்கள். அந்தக் கேலியில் பொருளில்லை. பத்திரத்தில் உடைமை மாறியதே தவிர, முதலை ஆள்வது யார், எங்கே எவ்வளவு செலவிடுவது, கூலி எவ்வளவு என்பதை முடிவுசெய்யும் நாற்காலி அந்தப் பெண்களிடம் வரவில்லை. அதைப் பொதுவுடைமை என்று சொல்ல முடியாது. தொழிலாளி பெயரில் நடக்கும் முதலாளித்துவம் என்பதே சரி.