மடங்கிய விரல்கள் நிமிர்ந்த வரலாறு

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், 1951இல் தோன்றிய பார்வையற்றோர் சங்கத்தில் புடைப்பெழுத்தின்மீது விரல் நுனியை ஓட்டி வாசிப்போரும், அவ்வட்டாரத்தில் உடம்பு பிடித்துவிடும் தொழிலால் ஜீவனம் நடத்தும் பார்வையற்றோரும், ஸ்பரிசம் கண்ணுக்கு நிகரான புலன் என்பதற்குச் சாட்சியாக விளங்குகின்றனர். அந்த ஸ்பரிசத்தையே இழந்து, விரல்களும் மடங்கிப்போன தொழுநோயாளருக்கென்று 1930இல் சுங்கை பூலோவில் ஒரு தனிக் குடியிருப்பு திறக்கப்பட்டபோது, சீனர், மலாய்க்காரர், தமிழர் என எல்லா இனத்தாரும் அங்கு அனுப்பப்பட்டனர். அத்தகைய கைகளுக்கு விமோசனம் உண்டென்ற செய்தி, இரண்டாம் உலகயுத்தம் முடிந்த சில ஆண்டுகளில், நமது மூதாதையரின் தமிழகத்திலிருந்தே உலகுக்கு எட்டியது.

அதனை அளித்தவர், 1914இல் பாதிரியார் குடும்பமொன்றில் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட். லண்டனில் இரண சிகிச்சை பயின்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், மறு ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்குச் சென்றிருந்தபோது, உணர்வற்று மடங்கிக் கிடந்த ஒரு நோயாளியின் கரத்துக்குள் தம் கையை வைத்து இறுக்கச் சொன்னார். வலி பொறுக்க முடியாத அளவுக்கு அந்தப் பிடி வலுவாக இருந்தது. செயலற்றதென்று உலகம் கைவிட்ட கரத்தில் இத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்ற வினாவே அவருடைய ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவதால், முழங்கையருகிலும் மணிக்கட்டிலும் தோலை ஒட்டி ஓடும் நரம்புகளையே பெரிதும் தாக்குகிறது. அதற்கு மேலேயே கிளை பிரிந்து முன்கைத் தசைகளுக்குச் செல்லும் நரம்புகளோ சேதமின்றி நிற்கின்றன. மாண்ட நரம்பை உயிர்ப்பிக்க இயலாதெனினும், உயிரோடிருக்கும் தசையின் தொழிலை மாற்றியமைக்கலாமே என்று கருதிய பிராண்ட், விரலை மடக்கும் இரு தசைநாண்களில் ஒன்றைப் பிரித்தெடுத்து, விரலை நிமிர்த்தும் இடத்தில் பொருத்தும் முறையை 1948முதல் வேலூரில் கையாண்டார். மடக்குவதற்கே பழகிய தசைக்குப் புதிய காரியத்தைக் கற்பிக்க, நோயாளி பல வாரங்கள் சிரத்தையோடு பயிற்சி செய்ய வேண்டியிருந்தது.

எனினும் நிமிர்ந்த விரல்களோடு ஊர் திரும்பியவர்களுக்கு வேலை தருவாரில்லை. கை திருந்திவிட்டதால் பிச்சை இடுவாரும் குறைந்தனர். ஆகவே தச்சு முதலிய தொழில்களைக் கற்பிக்கும் நவஜீவ நிலையத்தை அவர் நிறுவினார். உணர்ச்சியற்ற விரல் அடுப்புச் சூட்டாலும் ஆயுதத்தாலும் தன்னையறியாமலே காயப்படுவதுதான் புண்களுக்குக் காரணமேயன்றி நோய் சதையைத் தின்பதன்று என்பதையும் அவர் அங்கே நிறுவிக் காட்டினார். 1954இல் விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழ் இயக்கமிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இத்தகைய கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார் என்பது வேலூர் மருத்துவமனையின் பெருமைக்கு மகுடமாகும்.

நரம்பையே செப்பனிடும் கலையும் அதே காலத்தில் வளர்ந்தது. யுத்தக் காயங்களை ஆராய்ந்த ஆங்கிலேயர் செடன், நரம்புச் சேதத்தை 1943இல் மூவகையாக வகுத்தார். வியன்னாவைச் சேர்ந்த மில்லேசி, அறுந்த முனைகளை வலிந்து இழுத்துத் தைப்பதே தோல்விக்கு ஏது என்று கண்டு, கெண்டைக்காலின் உணர்ச்சி நரம்பொன்றை எடுத்து இடைவெளியில் ஒட்டவைத்தார். தைத்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே வளர்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் சாலைகளில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தோளருகே நரம்பு அறுந்த ஓர் இளைஞனுக்கு, விரல் வரையிலான எழுபது சென்டிமீட்டரைக் கடக்க இரண்டாண்டு ஆகும். நரம்பின் ஏவலற்ற தசையோ ஒன்றரை ஆண்டுக்குள்ளாகவே பெரும்பாலும் மீளாத நிலையை அடைந்துவிடும். ஆதலால் அருகிலுள்ள நரம்பின் ஒரு கிளையைத் திருப்பி முழங்கையை மடக்கும் தசைக்குத் தரும் முறையை, பிரெஞ்சு மருத்துவர் ஓபெர்லின் 1994இல் வெளியிட்டார். அதுவும் எட்டாத விரல்களுக்கு, தசைநாணை இடம் மாற்றும் பழைய முறையே இன்றும் துணை நிற்கிறது.

அறுவை மேசையில் வைத்தியரின் பணி முடிந்தாலும், அந்தக் கையால் ஒருவன் தன் உணவைத் தானே எடுத்துண்டு, தன் கூலியைத் தானே ஈட்டும் நாளில்தான் சிகிச்சை பூர்த்தியாகிறது என்பதே வேலூர் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

அடுத்த வாரம்: சக்கர நாற்காலியில் அமர்ந்த சிகிச்சை நிபுணர் மேரி வர்கீஸ்

(தொடரும்)