கடலே காவல்

மத்தியதரைக் கடலிலுள்ள மயோர்க்கா என்னும் ஸ்பானியத் தீவின் கரையிற் பலவிடத்தும் சுண்ணாம்புப் பாறைகள் செங்குத்தாக நீருக்குள் இறங்குகின்றன. அத்தீவினரான மிக்கேல் ரியேரா, 1978ஆம் ஆண்டில் தோழர்களுடன் போர்த்தோ பீ என்னுமிடத்துப் பாறைகளில், கருவித் துணையின்றிக் கைகால் வலிமையாலேயே ஏறிப் பழகினார். நாளடைவில் அவர்கள் கடலின்மேற் கவிந்த பாறைகளை நாடினர். அங்கே கயிறு இல்லை. கை வழுவினால் ஏற்பது கடல்நீர் ஒன்றே. இதற்குச் ‘சிக்கோபிளாக்’ என்று ரியேரா பெயரிட்டார். 2006ஆம் ஆண்டில் அமெரிக்கரான கிரிஸ் சர்மா, அத்தீவின் எஸ் பொந்தாஸ் என்னும் கல்வளைவில் பன்முறை நீரில் விழுந்தெழுந்த பின்னரே உச்சி கண்டார்.

உயரத்திலிருந்து விழுவோர்க்கு நீரும் கல்லாகும். ஆதலின் ஆழம், மறைபாறை, அலை, கரையேறும் வழி ஆகியவற்றை முன்னரே ஆராய்தல் வேண்டும். விடுமுறையில் முதன்முதல் முயல்வோர், அறிந்தவர் துணையோடு தாழ்ந்த பாறையில் தொடங்குவதே முறை.

நான் ஆசிரியனாயிருந்தபோது, கிணற்று மேட்டிலிருந்து குதித்த மாணவன் ஒருவனைக் கடிந்து தண்டித்தேன். “ஆழம் பார்த்தாயா?” என்று கேட்டேனில்லை. அவன் பார்த்திருந்தான் என்பதைப் பின்னரே அறிந்தேன். இன்று அவன் எதிர்ப்படின், அக்கேள்வியையே முதலிற் கேட்பேன்.