கடைசி அடுக்கு

பிளைவுட்டில் துளை போடும் தச்சர் அடியில் ஒரு கட்டையை முட்டுக் கொடுப்பார். கொடுக்காவிட்டால், ட்ரில் பிட் மறுபக்கம் வெளிவரும்போது சிலாம்பு சிலாம்பாகப் பெயர்ந்துவிடும். விமானத் தொழில் பல ஆண்டுகள் மல்லுக்கட்டியதும் இதே தொல்லையோடுதான்.

1963-இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் வாட், பிலிப்ஸ், ஜான்சன் மூவரும் வலுமிக்க கார்பன் இழையை உருவாக்கினார்கள். எஃகைவிட எடை குறைவு, விறைப்போ அதிகம். அந்த இழையைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காகப் படியவைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கினால் இறக்கையே செய்துவிடலாம். 1978-இல் பறந்த ஒய்ஏவி-8பி ஹாரியர் போர் விமானத்தின் இறக்கை அப்படி உருவானதுதான். ஆனால் இறக்கையைப் பூட்ட போல்ட் வேண்டும். போல்ட்டுக்குத் துளை வேண்டும்.

அலுமினியம் சுருள் சுருளாகச் சீவிக்கொண்டு வரும். கார்பன் இழை சீவாது, நொறுங்கித் தூளாகும். உரசி உரசியே அது எஃகு பிட்டின் முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மழுங்கிய முனை வெட்டாது, தள்ளும். கடைசி அடுக்குகளை நெருங்கும்போது அவற்றுக்கு அடியில் தாங்கல் இல்லை. அடுக்கோடு அடுக்கைப் பிடித்திருப்பது பிசின் ஒன்றுதான். அது விட்டுக்கொடுத்தால் துளையைச் சுற்றி அடுக்குகள் பிரியும். பல சமயம் கண்ணுக்குத் தெரியாது, அல்ட்ராசவுண்டில்தான் அகப்படும். இந்தப் பொருளின் மிகக் கொடிய குணம் இதுவே.

சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் 1988-இலேயே இழைப் பிளாஸ்டிக்குகள் வெட்டுப்படும் விதம் பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். துளைக்கான கணக்கை 1990-இல் ஹோச்செங், தரன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். மிச்சமுள்ள அடுக்கு மெலிய மெலிய, அது தாங்கக்கூடிய பிட்டின் உந்துவிசையும் குறையும். அந்த வரம்பைத் தாண்டினால் பிளவுதான். பட்டறையில் கை அறிந்ததற்குச் சூத்திரம் கிடைத்தது. எந்த முனை குறைவாகத் தள்ளும், வெளிவரும் இடத்தில் பிட்டை எவ்வளவு மெதுவாக இறக்குவது என்பதையெல்லாம் கணக்கிட்டே முடிவுசெய்ய வழி பிறந்தது. டங்ஸ்டன் கார்பைடும் செயற்கை வைரமும் எஃகு முனையின் இடத்தைப் பிடித்தன.

2009-இல் முதன்முதலாகப் பறந்த போயிங் 787 விமானத்தின் எடையில் பாதி, இப்படி இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருள். உடற்பகுதிகளை ஒரே குழாயாக உருவாக்கியதால், ஒவ்வொரு பகுதியிலும் 40,000-க்கு மேற்பட்ட பூட்டாணிகள் தேவையற்றுப் போயின. ஆனாலும் துளை அடியோடு ஒழியவில்லை. கார்பனும் டைட்டானியமும் சேரும் இடத்தில் இரண்டையும் ஒரே பிட் துளைக்க வேண்டும். கீழிருந்து ஏறிவரும் சூடான டைட்டானியச் சீவல் கார்பன் துளையின் சுவரைக் கீறிவிடும்.

தனித் தகட்டைத் துளைக்கும்போது அடியில் முட்டுப்பலகை வைக்கும் வழக்கம் விமானக் கூடங்களில் இன்றும் இருக்கிறது.