கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் ஏழைக் குடும்பங்களின் உணவும் சத்தும்

கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள பேரூராட்சி, வட்டத் தலைமையிடம். நெல், மணிலா (நிலக்கடலை), கரும்பு விளையும் இவ்வட்டாரத்தில் நிலமற்ற கூலிக் குடும்பங்கள் அடுப்பு மூட்டாமல் கிடப்பது இன்று அரிது. குறை வேறிடத்தில் இருக்கிறது: வயிறு நிறைகிறது, சத்து சேர்வதில்லை.

வயிற்றை நிறைப்பது ரேஷன் அரிசி. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அது விலையில்லாமல் கிடைக்கிறது. நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் 20 கிலோ. 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு 1 கிலோ 30 ரூபாய், பாமாயில் 1 லிட்டர் 25 ரூபாய். பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு அரிசி 165 கிராமுக்கு மேல் வரும். பருப்பு வெறும் 8 கிராம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட பரிந்துரையோ பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம் என்கிறது. இந்த இடைவெளியைக் காசு கொடுத்துதான் நிரப்ப வேண்டும். கூலி இல்லாத வாரத்தில் சாம்பார் ரசமாகிறது. பிறகு சோற்றுக்கு ஊறுகாயே துணை.

அந்தக் கூலியைத் தரக்கூடிய நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரியில் தொடங்கியபோது முதல் 200 மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. ஆனால் அது ஊராட்சிகளுக்கான திட்டம். பேரூராட்சி எல்லைக்குள் வாழும் கூலிக் குடும்பங்களுக்கு அது எட்டவில்லை.

மணிலாப் பயிறு 100 கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் உண்டு. அரிசியில் 7 கிராம் அளவே. வட்டாரத்திலேயே விளைந்தும் மணிலா பெரும்பாலும் எண்ணெய்க்கே விற்பனையாகிறது. கேழ்வரகுக் கூழும் களியும் பண்ணைக்கீரையும் இங்கே பழகிய உணவுகள்தான். கேழ்வரகு இன்று விலை கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் மாதம் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். இந்தத் திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் அது வர வேண்டும். அரிசியைக் குறைக்காமல் வந்தால் இன்னும் நல்லது.

பிள்ளைகளின் நிலை ஓரளவு மேல். சத்துணவில் பள்ளி நாட்களில் முட்டை உண்டு. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் தாய்க்குத்தான் பற்றாக்குறை முழுதாக விழுகிறது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் அங்கன்வாடியில் சத்துமாவு கிடைக்கும். அந்த மாதங்கள் கழிந்தபின், வயலுக்குப் போகும் பெண்ணுக்குப் பருப்போ முட்டையோ தருவதற்கென்று தனித் திட்டம் கிடையாது.