வாழைப்பழக் கப்பலில் ஏறிய டூரிஸ்ட்டுகள்

எங்க ஆபீஸ் சீனியர் ஒருத்தர் 2019ல குடும்பத்தோட மயாமியிலேர்ந்து கரீபியன் க்ரூஸ் போயிட்டு வந்தவர். ஆணி கம்மியா இருந்த ஒரு மத்தியானம் அந்த ஆல்பத்தைத் திறந்துட்டார். கப்பல் மேல நீச்சல் குளம், கப்பல் மேல சறுக்குமரம், பஃபேல தர்பூசணியில செதுக்கின வாத்துன்னு போயிட்டே இருந்துச்சு. அப்புறம் ஒரு கடற்கரை. கண்ணாடி மாதிரி நீலத் தண்ணி, பின்னாடி பச்சை மலை.

"இது எந்த ஊருங்க?"

"லபாடி. கப்பல் கம்பெனியோட சொந்த பீச்."

"எந்த நாடு?"

கொஞ்சம் யோசிச்சுட்டு, "பஹாமாஸ் பக்கம்னு நினைக்கிறேன்" அப்படின்னார்.

லபாடி இருக்கறது ஹைட்டியில. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். ரொம்ப வருஷம் விளம்பரங்கள்லயே ஹைட்டிங்கற பேரை விட, அந்தப் பெரிய தீவோட பேரான ஹிஸ்பானியோலாதான் முன்னாடி நின்னுச்சு. ஒரு நாட்டுல இறங்கி, குளிச்சு, பார்பெக்யூ சாப்பிட்டு, எந்த நாடுன்னே தெரியாம திரும்பி வர முடியுதுன்னா அதுக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கு மேல உழைப்பு இருக்கு மக்களே. அதைப் பத்திதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்துடுங்க :-)

முதல்ல ஒண்ணு. கப்பல்ல போறதுங்கறது ரொம்ப காலத்துக்கு ஜாலியான விஷயமே கிடையாது. நம்ம ஊர்ல ராஜுலா கப்பலைக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1926ல கட்டினது, சென்னையிலேர்ந்து பினாங்கு, சிங்கப்பூர்னு கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடிச்சு. அதுல ஆயிரக்கணக்கான பேர் மேல்தளத்துலயே பாய் விரிச்சுப் படுத்துட்டுதான் போனாங்க. அட்லாண்டிக்லயும் கதை அதேதான். ஐரோப்பாவுலேர்ந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போறவங்க கூட்டம்தான் கப்பல் கம்பெனிகளுக்கு சோறு போட்டுச்சு.

ஆனா குளிர்காலத்துல அட்லாண்டிக்ல யாரும் ஏற மாட்டாங்க. கப்பல் சும்மா நிக்கும், செலவு மட்டும் நிக்காது. ஹாம்பர்க் அமெரிக்கா லைன்ல இருந்த ஆல்பர்ட் பாலின் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார். 1891 ஜனவரியில 'அகஸ்டா விக்டோரியா'ங்கற கப்பல்ல 241 பேரை ஏத்திட்டு மத்தியதரைக் கடலைச் சுத்திக் காட்டக் கிளம்பிட்டார். போய்ச் சேர வேண்டிய ஊருன்னு எதுவும் இல்லாம, கிளம்பின இடத்துக்கே திரும்பி வர்ற பயணம். நம்ம பாஷையில சொன்னா சும்மா கிடக்கற சர்வர்ல வேற வேலையை ஓட விடறது.

இது ஹிட் ஆனதும் டூருக்குன்னே தனியா ஒரு கப்பல் கட்டினாங்க. 1900ல வந்த 'பிரின்ஸஸின் விக்டோரியா லூயிஸ்'. 120 கேபின், எல்லாமே முதல் வகுப்பு. நூலகம், உடற்பயிற்சிக் கூடம், அப்புறம் பயணிகள் எடுத்த போட்டோவைக் கழுவ ஒரு டார்க் ரூம். (ஆக, க்ரூஸ் போனா போட்டோ போட்டே ஆகணும்ங்கற வியாதி இன்ஸ்டாகிராமுக்கு நூறு வருஷம் மூத்தது.) இந்தக் கப்பலோட முடிவு பரிதாபம். 1906 டிசம்பர் 16, ஜமைக்காவுல கிங்ஸ்டனுக்குப் போகுது. துறைமுகத்துக்குள்ள வழி காட்ட உள்ளூர் பைலட்டை ஏத்திக்கறது வழக்கம். கேப்டன் ப்ரன்ஸ்விக் ஏத்திக்காம தானே ஓட்டினார். ஒரு கலங்கரை விளக்கத்தை இன்னொண்ணுன்னு நினைச்சு போர்ட் ராயல் பக்கம் பாறையில ஏத்திட்டார். பயணிகள் அத்தனை பேரும் பிழைச்சுட்டாங்க. கேப்டன் தன் கேபினுக்குள்ள போய் தன்னைத்தானே சுட்டுக்கிட்டார். இதுக்கு அடுத்த மாசமே, 1907 ஜனவரியில, நிலநடுக்கம் வந்து கிங்ஸ்டனே நொறுங்கிப் போச்சு.

ஜெர்மன்காரர் கதை இதோட இருக்கட்டும். கரீபியனுக்கு அமெரிக்க டூரிஸ்ட்டுகளைக் கூட்டம் கூட்டமா கொண்டு வந்து இறக்கினது வாழைப்பழம். கரகாட்டக்காரன் காமெடி ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை, நிஜமாவே வாழைப்பழம்தான்.

1870ல லோரென்ஸோ டவ் பேக்கர்னு ஒரு அமெரிக்க கேப்டன் ஜமைக்காவுலேர்ந்து 160 வாழைத்தார் ஏத்திட்டுக் கிளம்பி, 11 நாள்ல ஜெர்சி சிட்டியில கொண்டு போய் வித்தார். அமெரிக்காவுல நிறைய பேர் அதுவரைக்கும் வாழைப்பழத்தையே பாத்ததில்லை. அந்த வியாபாரம் வளர்ந்து, வேற கம்பெனிகளோட சேர்ந்து, 1899ல யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி ஆச்சு.

வாழைப்பழத்தோட பிரச்சனை நமக்குத் தெரியாததா? நாம பச்சைத் தாரைப் புகை மூட்டம் போட்டு ரெண்டே நாள்ல பழுக்க வைக்கிறோம். அவங்களுக்கு நேர் எதிரான தலைவலி. கப்பல் போய்ச் சேர்ற வரைக்கும் பழுக்கவே கூடாது. 13, 14 டிகிரி செல்சியஸ்ல வெச்சிருக்கணும். அதுக்குக் கீழ போனா தோல் கருத்துடும், மேல போனா பழுத்துடும். அதனால குளிரூட்டின கப்பல் கட்டினாங்க. வெயில் உறைக்காம இருக்க வெளியில முழுக்க வெள்ளை அடிச்சாங்க. 'கிரேட் ஒயிட் ஃப்ளீட்'னு பேரே வந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் க்ரூஸ் கப்பல்னா மனசுல வெள்ளை நிறம் வருதுல்ல? 1933ல குனார்டோட மௌரிடானியாவுக்குக் கூட டூர் வேலைக்குன்னு வெள்ளைதான் அடிச்சாங்க.

சரி, வடக்கே போகும்போது கப்பல் நிறைய பழம். தெற்கே திரும்பி வரும்போது? காலி. அந்தக் காலியான பயணத்துல ஆளுங்களை ஏத்தினா லாபம்தானே. கீழே சரக்கு அறை, மேலே சொகுசு கேபின். கியூபா, ஜமைக்கா, பனாமா, கோஸ்டாரிகா, கொலம்பியான்னு ஒரு சுத்து. டூரிஸ்ட் தங்க ஜமைக்காவுல போர்ட் அன்டோனியோவுல டிச்ஃபீல்ட் ஹோட்டல், அதுவும் பேக்கரோடதுதான். தோட்டம், ரயில், கப்பல், ஹோட்டல்னு எல்லாம் ஒரே பாக்கெட்டுக்குள்ள. உள்ளூர் ஜனங்க அந்தக் கம்பெனிக்கு வெச்ச பட்டப்பேர் 'எல் புல்போ', அதாவது ஆக்டோபஸ். 'பனானா ரிபப்ளிக்'னு இன்னிக்கு டிரஸ் கடைக்குப் பேர் வெச்சிருக்காங்க இல்லையா, அது 1904ல ஓ. ஹென்றி ஒரு புத்தகத்துல இந்த மாதிரி நாடுகளைக் கிண்டலடிச்சு உருவாக்கின சொல். அந்தப் பேர் போட்ட சட்டையைப் போட்டுட்டுத் திரியறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

மேல்தளத்துல சாய்வு நாற்காலியில கிடந்தவங்களுக்குத் தெரியாத பக்கம் ஒண்ணு உண்டு. கொலம்பியாவுல சான்டா மார்த்தா துறைமுகத்துக்குப் பக்கத்துல சியெனகான்னு ஒரு ஊர். 1928ல அங்க வாழைத்தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் பண்ணினாங்க. கேட்டது பெரிசா ஒண்ணுமில்லை. எழுத்துல ஒப்பந்தம், வாரத்துக்கு ஆறு நாள் வேலை, கம்பெனிக் கடையில மட்டுமே செல்லற கூப்பனுக்குப் பதிலா காசு. டிசம்பர் 6 அதிகாலை, ரயில் நிலையத்துக்கிட்ட சதுக்கத்துல கூடியிருந்த கூட்டத்து மேல ராணுவம் சுட்டுச்சு. தளபதி ஒத்துக்கிட்ட கணக்கு 47. ஆயிரத்துக்கும் மேலன்னு வேற கணக்குகள் சொல்லுது. மார்க்கேஸ் பிறந்த அரகடாகா அதே வட்டாரத்துல இருக்கற ஊர்தான். 'தனிமையின் நூறு ஆண்டுகள்' படிச்சவங்களுக்கு அந்த 3000 பிணம் ஏத்தின ரயில் மறக்காது. நாவல்ல அந்தக் கொலை நடக்கவே இல்லைன்னு ஊரே சொல்லும். படிக்கும்போது மாய யதார்த்தம்னு நினைச்சுட்டுப் போனேன், வரலாற்றைப் படிச்ச பிறகு அதுல மாயம் ரொம்பக் கம்மின்னு தோணுது.

நடுவுல மதுவிலக்கு வந்துச்சு. 1920லேர்ந்து 1933 வரைக்கும் அமெரிக்கக் கொடி பறக்கற கப்பல்ல சரக்கு கிடையாது. 1922ல ரிலையன்ஸ், ரெசல்யூட்னு ரெண்டு கப்பலைப் பனாமாவுல பதிவு பண்ணினாங்க. பனாமா கொடி பறந்தா பனாமா சட்டம், பாரைத் திறந்துக்கலாம். இன்னிக்கும் பெரிய க்ரூஸ் கப்பல்கள் பின்னாடி பஹாமாஸ், பனாமான்னு எழுதியிருக்கறது இந்த டெக்னிக்தான். இப்போ வரிக்காகவும் சம்பளச் சட்டத்துக்காகவும். இதுல இன்னொரு சிக்கல். 1886ல போட்ட ஒரு அமெரிக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் கொடிக் கப்பல், வெளிநாட்டைத் தொடாம அமெரிக்கத் துறைமுகங்களுக்கு நடுவுல பயணிகளைக் கொண்டு போகக் கூடாது. அதனால பக்கத்துல ஏதாவது ஒரு அயல்நாட்டை எட்டிப் பாத்துட்டு வந்தாகணும். பஹாமாஸுக்கு அடிச்ச யோகத்துல இதுக்கும் பங்கு உண்டு.

1958ல ஜெட் விமானம் அட்லாண்டிக்கைத் தாண்ட ஆரம்பிச்சதும் பழைய கப்பல் தொழில் படுத்துடுச்சு. எழுந்தது மயாமியில. ஃபெர்ரியா ஓட்டறதுக்குக் கட்டின 'சன்வார்ட்' 1966 டிசம்பர்ல அங்கேர்ந்து பஹாமாஸ் டூர் கிளம்பிச்சு. டெட் அரிசன், நட் க்ளோஸ்டர் ரெண்டு பேரோட கூட்டணி. அப்புறம் சண்டை, பிரிவு. அரிசன் தனியா போய் ஆரம்பிச்ச கார்னிவலோட முதல் கப்பல் 'மார்டி க்ரா' 1972ல முதல் பயணத்துலயே மயாமி வாசல்ல மணல்திட்டுல சிக்கி நின்னுச்சு :-) அந்தக் கம்பெனிதான் பின்னாடி உலகத்துலயே பெரிய க்ரூஸ் கம்பெனி ஆச்சு.

இங்கதான் எனக்கு முக்கியமா படற திருப்பம். பயணி துறைமுகத்துல இறங்கினா செலவு பண்றது ஊர்க்காரன்கிட்ட. டாக்ஸி, இளநீர், தொப்பி, பாசிமணி. கூடவே பிச்சைக்காரன், வெயில், சேறு. காசும் வெளிய போகுது, பயணிக்கும் முகம் சுளிக்குது. அப்போ துறைமுகத்தையே நாம வெச்சுக்கிட்டா? 1977ல நார்வீஜியன் கம்பெனி பஹாமாஸ்ல கிரேட் ஸ்டிரப் கேங்கற தீவை வாங்கிச்சு. டிஸ்னி 1998லேர்ந்து கப்பல் நிறுத்தற காஸ்டவே கே, அதுக்கு முன்னாடி போதைமருந்து கடத்தறவங்க விமானம் இறக்கின தீவு. வாழைப்பழக் கம்பெனி பண்ணினதேதான், பழத்துக்குப் பதிலா மணல்.

ராயல் கரீபியன் 1986ல குத்தகைக்கு எடுத்ததுதான் லபாடி. அதே வருஷம் பிப்ரவரியிலதான் ஹைட்டியோட சர்வாதிகாரி டுவாலியர் நாட்டை விட்டு ஓடியிருந்தார். தீவுன்னு சொல்லுவாங்க, நிஜத்துல அது நிலத்தோட ஒட்டின தீபகற்பம். ஒட்டின பக்கம் வேலி, காவல். பயணி அந்தப் பக்கம் போக மாட்டார், உள்ளூர்க்காரர் அனுமதி இல்லாம இந்தப் பக்கம் வர மாட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாருங்க. கொஞ்ச தூரத்துல காப் ஹைட்டியன் நகரம். அந்தக் கரைப்பக்கம்தான் 1492 கிறிஸ்துமஸ் சமயத்துல கொலம்பஸோட சான்டா மரியா தரை தட்டிச்சு. அந்த வட சமவெளியிலதான் 1791 ஆகஸ்ட்ல கரும்புத் தோட்ட அடிமைகள் கிளம்பி பிரான்ஸை எதிர்த்தாங்க. 1804ல சுதந்திரம். அடிமைகளே எழுந்து, ஜெயிச்சு, தங்களுக்குன்னு அமைச்சுக்கிட்ட நாடு. பிரெஞ்சுக்காரன் திரும்பி வந்தா அடிக்கறதுக்குன்னு மலை உச்சியில கட்டின சிடாடெல் கோட்டை இன்னும் நிக்குது. பிரெஞ்சுக்காரன் வந்தான். 1825ல போர்க்கப்பலோட வந்து, இழந்த 'சொத்து'க்கு நஷ்ட ஈடா 15 கோடி ஃப்ராங்க் கேட்டான். அந்தச் சொத்துல அடிமைகளும் அடக்கம். பின்னாடி 9 கோடியா குறைச்சாங்க. அதைக் கட்ட வாங்கின கடனை அடைச்சு முடிச்சது 1947ல. நமக்கு சுதந்திரம் கிடைச்ச வருஷம். ஹைட்டி ஏன் ஏழைன்னு கேக்கறவங்களுக்கு நான் முதல்ல இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துல போர்ட் ஓ பிரின்ஸ் இடிஞ்சு விழுந்துச்சு. மூணே நாள்ல, 15ஆம் தேதி, லபாடியில க்ரூஸ் கப்பல் வந்து நின்னுச்சு. உலகம் முழுக்க ஒரே திட்டு. சில பயணிகள் கூச்சப்பட்டு கப்பலை விட்டு இறங்கவே இல்லை. கம்பெனி சொன்ன பதில்: கப்பல்ல நிவாரணப் பொருள் கொண்டு வந்திருக்கோம், அங்க வேலை பாக்கற ஹைட்டிக்காரங்களுக்கு இந்த வருமானம் வேணும், அரசாங்கமும் வரச் சொல்லுது. எனக்கு இதுல திட்டினவங்க பக்கம் முழுசா நிக்க முடியல. கப்பல் வராம போயிருந்தா அந்த வாரம் பாசிமணி விக்கறவர் வீட்டுல அடுப்பு எரிஞ்சிருக்காது. ஆனா அப்படி ஒரு நிலைமைக்கு ஒரு நாடு எப்படி வந்துச்சுன்னு கேக்காம நிவாரண மூட்டையை மட்டும் காட்டறதும் சகிக்கல. அப்புறம் 2024லயும், திரும்ப 2025 ஏப்ரல்லயும், ஹைட்டியில நடக்கற வன்முறையைக் காரணம் காட்டி கப்பல்களை நிறுத்தினாங்க. அப்போ விளம்பரம் ஒண்ணும் தேவைப்படல, அது ஹைட்டிதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

கடைசியா நம்ம கரைக்கு வருவோம். 1990ல பிரான்ஸ்ல கட்டி, மயாமியிலேர்ந்து பஹாமாஸுக்கு மூணு நாள், நாலு நாள் டூர் ஓட்டறதுக்குன்னே வந்த கப்பல் 'நார்டிக் எம்ப்ரஸ்'. பேர் மாறி, கை மாறி, அதுதான் 'எம்ப்ரஸ்'னு 2022 ஜூன்ல சென்னைத் துறைமுகத்துல நின்னுச்சு. முதல்வர் ஸ்டாலின் கொடியசைச்சார். புதுச்சேரி மட்டும் உள்ள விடமாட்டேன்னு சொல்லிடுச்சு. 2023 ஜூன்ல அதே கப்பல் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு சுத்திச்சு.

காங்கேசன்துறை. 1990ல போர் வந்தப்போ அந்தப் பகுதி ஜனங்க எல்லாத்தையும் விட்டுட்டுக் கிளம்பினாங்க, சிமெண்ட் ஆலை மூடிச்சு, சுத்து வட்டாரம் உயர் பாதுகாப்பு வலயமாச்சு. 2009க்கு அப்புறம் நிலம் கொஞ்சம் கொஞ்சமா திரும்பக் கிடைச்சுது, முழுசா இன்னும் கிடைக்கல. சொந்த வளவுக்குள்ள போக முப்பது வருஷத்துக்கு மேல காத்திருக்கறவங்க இருக்கற ஊர்ல, பஹாமாஸ் டூருக்காகக் கட்டின கப்பல்லேர்ந்து டூரிஸ்ட்டுகள் இறங்கினாங்க.

அதே துறைமுகத்துக்கு 2023 அக்டோபர்ல நாகப்பட்டினத்துலேர்ந்து சின்னப் பயணிகள் கப்பல் விட்டாங்க. மழைக்காலம்னு சில நாள்லயே நின்னு, 2024 ஆகஸ்ட்ல திரும்பத் தொடங்குச்சு. நீச்சல் குளமும் கிடையாது, செதுக்கின வாத்தும் கிடையாது. சுமார் நாலு மணி நேரம். அதுல போயிட்டு வந்தவங்க, இல்ல வீட்டுல ராஜுலாவுல போன தாத்தா பாட்டி கதை இருக்கறவங்க, எழுதுங்க.