விபத்துச்சார்பு: ஒரு கருத்தின் வரலாறும் அதன் வர்க்கப் பின்னணியும்

1

நமது செய்தித்தாள்களில் வீதி விபத்துக்கள் பற்றிய செய்திகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைந்திருக்கும். வாகனம் வேகக் கட்டுப்பாட்டை இழந்து பாதையை விட்டு விலகியது, சாரதியின் கவனயீனமே காரணமெனப் பொலிசார் தெரிவித்தனர், சாரதி கைதுசெய்யப்பட்டார். இவ்வாய்பாட்டில் இடம்பெறாதவை எவை என்பதே ஆய்வாளனுக்கு முக்கியமான வினாவாகும். சாரதி அன்று எத்தனை மணிநேரம் வேலை செய்தார், வாகனத்தின் உரிமையாளர் யார், வீதியின் வளைவு எத்தகையது என்பன பற்றி அவ்வாக்கியங்கள் பேசுவதில்லை.

இவ்வாய்பாடு மோட்டார் வாகனத்தோடு பிறந்ததன்று. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்திலே, இலண்டன் மரண விசாரணை ஜூரிமார் முன் நிறுத்தப்பட்ட மூன்று புகையிரதத் தொழிலாளரை மார்க்ஸ் காட்டுகின்றார். பெரும் விபத்தொன்றிற் பலர் இறந்துள்ளனர். தொழிலாளரின் கவனயீனமே காரணமெனக் கூறப்படுகின்றது. அவர்களோ, முன்னர் எட்டு மணிநேரமாயிருந்த தமது வேலைநாள் பதினான்கு, பதினெட்டு, இருபது மணிநேரமாக நீட்டப்பட்டதையும், விடுமுறைக் காலங்களில் நாற்பது, ஐம்பது மணிநேரம் இடைவிடாது வேலை செய்ய நேர்ந்ததையும் எடுத்துரைக்கின்றனர். கண்ணும் மூளையும் ஓய்ந்துபோன நிலையைச் சட்டம் கவனயீனம் என்று பெயரிட்டழைக்கின்றது.

இருபதாம் நூற்றாண்டில் இப்பெயரிடுதல் விஞ்ஞானத்தின் ஆதரவையும் பெற்றது. ‘விபத்துச்சார்பு’ என்ற கருத்தின் தோற்றம், பரவல், தளர்ச்சி ஆகியவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இக்கருத்தின் பிறப்பிடம் வீதியன்று, தொழிற்சாலையே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. முதலாம் உலகப் போரின்போது பிரித்தானிய வெடிமருந்துத் தொழிற்சாலைகளிற் பெருந்தொகையான பெண்கள் வேலைக்கமர்த்தப்பட்டனர். அவர்களிடையே நிகழ்ந்த விபத்துக்களை இருவேறு வழிகளில் ஆய்வாளர் அணுகினர்.

முதலாவது, எச். எம். வேர்ணனின் வழி. அவர் வேலைநேரத்தை அளந்தார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் வேலை செய்தபொழுது பெண்களிடையே நிகழ்ந்த விபத்துக்கள், அது பத்து மணிநேரமாகக் குறைக்கப்பட்ட பின்னர் நிகழ்ந்தவற்றிலும் ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தமையை அவர் கண்டார்.

இரண்டாவது, மேஜர் கிறீன்வூட் (மேஜர் என்பது அவரது இயற்பெயரே, பதவியன்று), ஹில்டா வூட்ஸ் ஆகியோரின் வழி. கைத்தொழிற் களைப்பு ஆராய்ச்சிச் சபைக்காக 1919இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கை, விபத்துக்கள் ஆட்களிடையே எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்று வினவியது. இவ்வாராய்ச்சித் தொடரிற் புகழ்பெற்ற அட்டவணை ஒன்றுண்டு. எறிகணை வேலையில் ஈடுபட்ட 647 பெண்களை ஐந்து வாரங்கள் அவதானித்தபோது 447 பேருக்கு விபத்து எதுவும் நேரவில்லை. 132 பேருக்கு ஒன்றும், 42 பேருக்கு இரண்டும், 21 பேருக்கு மூன்றும், மூவருக்கு நான்கும், இருவருக்கு ஐந்தோ அதற்கு மேலோ நேர்ந்தன. விபத்துக்கள் வெறுந் தற்செயலாக நிகழ்ந்திருப்பின், மூன்றும் அதற்கு மேலும் அடைந்தோர் ஏறத்தாழ எண்மராகவே இருத்தல் வேண்டும். உண்மையில் இருந்தோர் 26 பேர். நூற்றுக்கு நால்வரான இவர்கள், மொத்த விபத்துக்களில் நாலிலொரு பங்குக்கும் மேலானவற்றை அடைந்தனர்.

எண்கள் பிழையற்றவை. பிழை அவற்றிலிருந்து பெறப்பட்ட முடிவிலேயே புகுந்தது. ஆட்களிடையே விபத்துக்கள் சமமாகப் பங்கிடப்படவில்லை என்ற அவதானத்திலிருந்து, சிலரிடம் விபத்தை ஈர்க்கும் நிலையான உளவியல்பு உண்டு என்ற கூற்றுக்கு ஆய்வு தாவியது. 1926இல் எரிக் ஃபார்மரும் ஈ. ஜி. சேம்பர்ஸும் இவ்வியல்பிற்குப் பெயர் சூட்டினர். அதே ஆண்டில் ஜேர்மனியிற் கார்ல் மார்பேயும் இதையொத்த கருத்தை நூலாக வெளியிட்டார். 1939இல் ஃபார்மரும் சேம்பர்ஸும் மோட்டார்ச் சாரதிகளிடையே இதனைத் தேடினர்.

வேர்ணனின் வழி வேலைநாளைக் குறைக்குமாறு கோரியது. மற்ற வழியோ ஆளைச் சோதித்து விலக்கினால் போதும் என்றது. முதலாளிகளுக்கு எவ்வழி உவப்பாயிருந்தது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் இவ்வறிஞர்கள் முதலாளிகளின் ஏவலாளராக இருந்தனர் என்று கொள்வதும் தவறாகும். கிறீன்வூட் நேர்மையான புள்ளிவிபரவியலாளர். ஓர் ஆய்வு முடிவைத் தெரிந்தெடுத்துப் பரப்புவது அதன் ஆசிரியரின் நோக்கமன்று. அது சென்றடையும் சமூகத்தின் தேவையேயாகும்.

3

ஐக்கிய அமெரிக்காவில் இத்தேவை முன்னரே தோன்றியிருந்தது. ஹாவார்ட் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஹியூகோ மூன்ஸ்ரபேர்க், 1913இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தமது நூலில், மின்சார ட்ராம் வண்டிச் சாரதிகளைத் தெரிவு செய்வதற்கான சோதனையொன்றை விபரித்தார். வீதியிற் செல்வோரையும் வண்டிகளையும் குறிக்கும் அட்டைகள் சாரதியின் கண்முன் நகர, ஆபத்தானவற்றை அவர் விரைந்து இனங்காணவேண்டும். விபத்து நட்டஈடு ட்ராம் கம்பனிகளுக்குப் பெருஞ்சுமையாயிருந்த காலம் அது.

இச்சிந்தனையின் உச்சத்தை 1949இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து இலண்டன் நகரில் டில்மன், ஹொப்ஸ் என்போர் செய்த ஆய்விற் காணலாம். விபத்து மிகுந்த 96 சாரதிகளையும் விபத்தற்ற 100 பேரையும் எடுத்து, நீதிமன்றங்கள், சமூகசேவை நிறுவனங்கள், கடன் விபரப் பணியகம் முதலியவற்றின் பதிவேடுகளில் அவர்களது பெயர்களைத் தேடினர். முதற் பிரிவில் நூற்றுக்கு 66 பேரும், இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 9 பேரும் அப்பதிவேடுகளில் இருந்தனர். மனிதன் வாழும் வகையிலேயே வாகனத்தையும் ஓட்டுகிறான் என்பது அவர்களது முடிபு.

இலக்கிய மாணவன் இவ்விடத்தில் ஒரு கணம் தரித்து நிற்பான். எவருடைய பெயர்கள் இத்தகைய பதிவேடுகளில் இடம்பெறுகின்றன? கடனை மீட்க இயலாதவன், உதவிப்பணம் நாடியவன், பொலிசாரின் கண்ணில் எளிதில் படுபவன் ஆகியோரின் பெயர்களே. வறுமையின் தடயங்கள் இங்கு குணத்தின் தடயங்களாக வாசிக்கப்பட்டன. வாழ்க்கைக்கும் ஓட்டுதலுக்கும் தொடர்புண்டு என்பது உண்மையே. ஆனால் அவ்வாழ்க்கையை ஆக்கியது யாது என்ற வினா எழுப்பப்படவில்லை.

4

கருத்தின் தளர்ச்சி அதன் சொந்தக் கருவியான புள்ளிவிபரவியலிலிருந்தே தொடங்கியது. 1951இல் தென்னாபிரிக்காவிலிருந்து ஆர்பஸ், கெரிக் ஆகிய இருவரும், கிறீன்வூட்டின் பரம்பலையொத்த பரம்பல் வேறு காரணங்களாலும் தோன்றலாம் என எடுத்துக்காட்டினர். ஆபத்து மிகுந்த பொறியில் நிற்பவளுக்கு விபத்துக்கள் மிகும்; அதற்கு அவளது உளவியல்பு காரணமாக வேண்டியதில்லை. 1963இல் கிறெஸ்வெல், ஃபிறொகற் ஆகியோர் வட அயர்லாந்து பஸ் சாரதிகளை ஆராய்ந்து, விபத்துச்சார்பு பயனுள்ள கருத்தன்று என்ற முடிபுக்கு வந்தனர்.

மறுபுறத்தில் வினாவே மாற்றமடைந்தது. முதலாம் உலகப் போர்க்கால விமான விபத்தொன்றில் உயிர்தப்பிய ஹியூ டிஹேவன், உயரமான இடங்களிலிருந்து வீழ்ந்தும் பிழைத்தோர் பற்றி 1942இல் எழுதினார். வீழ்ந்தவர் ஏன் வீழ்ந்தார் என்பதன்று, எவ்வாறு பிழைத்தார் என்பதே அவரது வினா. மோதல் நேர்ந்தாலும் உடல் தாங்கக்கூடியவாறு வாகனத்தை அமைக்கலாம் என்ற எண்ணம் இதிலிருந்து வளர்ந்தது. 1965இல் ரால்ஃப் நேடர் மோட்டார்க் கம்பனிகளின் வடிவமைப்புக் குறைகளை நூலாக வெளியிட்டார். சாரதியையே குறைகூறிவந்த கம்பனிகள் முதன்முறையாகப் பொதுமக்கள் முன் பதிலிறுக்க வேண்டியதாயிற்று. 1966இல், ஆண்டுக்கு 50,000க்கும் மேற்பட்டோர் அமெரிக்க வீதிகளில் இறந்த வேளையில், வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

5

இதனாற் சாரதியின் நடத்தை பொருளற்றது என்று கூறுவது இயந்திரவியற் பொருள்முதல்வாதமாகும். 1964இல் வெளியான கிறாண்ட் றப்பிட்ஸ் ஆய்வு, குருதியில் மதுவின் அளவு கூடக் கூட விபத்தின் வாய்ப்பும் கூடுவதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது; 1967ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் அதற்கு எல்லை வகுத்தது. 1979இல் நிறைவெய்திய இந்தியானாப் பல்கலைக்கழக ஆய்வு, நூற்றுக்கு ஏறத்தாழ 93 விபத்துக்களில் மனிதக் காரணிக்குப் பங்குண்டு என்றது. இவ்வெண்ணை மேற்கோள் காட்டுவோர், அதே ஆய்வு வீதி, சூழல் ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 34 வீதமும், வாகனத்துக்கு ஏறத்தாழ 13 வீதமும் கணித்ததைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். கூட்டினால் நூறை மிஞ்சும் இவ்வெண்கள், காரணிகள் ஒன்றோடொன்று பிணைந்தே தொழிற்படுகின்றன என்பதையே உணர்த்துகின்றன.

மனிதன் தவறு செய்வான் என்பதை ஏற்று, அத்தவறு மரணமாக முடியாதவாறு வீதியையும் வாகனத்தையும் வேகத்தையும் அமைக்கும் பொறுப்பை அரசின் மீதும் வடிவமைப்போர் மீதும் சுமத்திய கொள்கையைச் சுவீடன் 1997இல் ஏற்றது. அங்கு வீதி மரணங்கள் பின்னர் பாதிக்கும் கீழாகக் குறைந்தன.

6

நமது நாட்டில் 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதி பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. அன்றைய வசூலிலேயே தமது வருமானமும் தங்கியிருக்கும் சாரதியும் நடத்துநரும், முன்செல்லும் பஸ்ஸை முந்தினாலன்றி அடுத்த தரிப்பிடத்துப் பயணிகளைப் பெறமுடியாது. இப்போட்டி ஓட்டத்தைப் பொறுப்பற்ற குணம் என்று கண்டிப்பது எளிது. அது கூலி வழங்கப்படும் முறையின் நேரடி விளைவு என்பதை நோக்க மறுப்பதே கடினமான காரியம். எனினும் நாம் அதைத் தொடர்ந்து செய்து வருகின்றோம்.

2025 மே 11ஆந் தேதி கொத்மலை கெரண்டியெல்லவில் பஸ்ஸொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசனங்களின் தொகையிலும் மிகுந்தோர் அதிற் பயணஞ் செய்தனர். சாரதி உறங்கினாரா என்பது அன்று எழுந்த முதல் வினாக்களுள் ஒன்று. அது கேட்கப்படவேண்டிய வினாவே. ஆனால் அவர் உறங்கியிருப்பின், எத்தனை மணிநேர விழிப்பின் பின் உறங்கினார், அந்நேர அட்டவணையை வகுத்தோர் யார், இத்தனை பேர் ஒரே பஸ்ஸில் ஏற நேர்ந்தது ஏன், பள்ளத்தின் ஓரத்தில் தடுப்பு எவ்வாறிருந்தது என்பனவும் உடன் கேட்கப்படவேண்டும்.

இலண்டன் ஜூரிமார் முன் நின்ற அம்மூன்று தொழிலாளரும் கேட்குமாறு வேண்டியது இதனையே. நமது பல்கலைக்கழகங்களில் வீதிப் பாதுகாப்புப் பற்றி ஆராய முற்படுவோர், சாரதிகளின் மனப்பான்மையை அளக்கும் வினாக்கொத்தோடு அவர்களது வேலைநேரப் பதிவேட்டையும் ஊதிய முறையையும் சேர்த்தெடுத்துச் செல்வார்களாயின், வேர்ணன் தொடங்கிய வழி இந்நாட்டிலும் தொடரப்படும்.