திருடனுக்குப் பூட்டு... வாங்கினவருக்கு ஆறு ஒயர்!

கல்லணைக்குப் போயிருக்கிறீர்களா? வந்து சேரும் தண்ணீர் அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரியும். எந்த ஷட்டரைத் தூக்குகிறார்களோ, அந்தப் பக்கம்தான் தண்ணீர். 'சேனல்' என்றால் என்ன என்று ஒரு தஞ்சாவூர் விவசாயியைக் கேட்டால், யோசிக்காமல் 'வாய்க்கால்' என்பார். 'மல்ட்டி சேனல் ஆடியோ'வும் அதேதான். ஒரே தட்டு, ஆறு வாய்க்கால்!

கிராமபோன் காலத்தில் ஒரே வாய்க்கால்தான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898-1956) தோடியை நினைத்துப் பாருங்கள். ராத்திரியெல்லாம் வீதியில் வாசிக்கக்கூடிய ராகம், 78 ஆர்.பி.எம். தட்டில் பக்கத்துக்குச் சில நிமிஷங்களாகச் சுருங்கியது. போகட்டும். கோயில் வீதியில் நின்று கேட்டால் நாகஸ்வரம் எதிரே, தவில் பக்கவாட்டில், மதிலில் மோதித் திரும்பும் நாதம் உங்கள் முதுகுக்குப் பின்னால். தட்டிலோ எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து வரும். முதுகுப் பக்கம் ஏறவே இல்லை.

அப்புறம் ஸ்டீரியோ வந்தது. இரண்டு வாய்க்கால். 1970-களில் 'குவாட்ரஃபோனிக்' என்று நாலு சேனல் தட்டுகள் போட்டார்கள். கம்பெனிக்கு ஒரு முறை, ஒன்றின் தட்டு இன்னொன்றின் கருவிக்கு ஒத்துவராது. ஜனங்கள் குழம்பி, எதையுமே வாங்கவில்லை. 1982-ல் வந்த சி.டி.யும் இரண்டு சேனலோடு நின்றுவிட்டது.

1999-ல் சோனியும் பிலிப்ஸும் 'சூப்பர் ஆடியோ சி.டி.'யைக் கொண்டுவந்தன. ஒரு சேனலில் சாதாரண சி.டி. ஒலியை நொடிக்கு 44,100 முறை அளக்கும். 16 பிட் துல்லியத்தில். இது வேறு கணக்கு: ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பிட், ஆனால் நொடிக்கு 28,22,400 தடவை! 2000-ல் போட்டிக்கு 'டி.வி.டி. ஆடியோ'. இரண்டிலும் ஆறு சேனல் வரை உண்டு. முதுகுப் பக்கத்துக்கும் ஒருவழியாக விமோசனம்!

சரி, தட்டு சுழல்கிறது. அதை ரிஸீவரோடு எப்படி இணைப்பது? அங்கேதான் வில்லங்கம். அன்றைக்கு இருந்த 'ஆப்டிகல்' கேபிளில் ஸ்டீரியோ போகும். சுருக்கிய சினிமா ஒலி போகும். ஆறு சேனலும் முழுத் தரத்தில் போகாது. வேறு டிஜிட்டல் வழி கொடுக்கலாமே என்றால், கம்பெனிகளுக்குக் கிலி. 1999 அக்டோபரில்தான் நார்வேயின் 15 வயதுப் பையன் யான் யோஹான்சனும் முகம் தெரியாத கூட்டாளிகளும் சினிமா டி.வி.டி.யின் பூட்டை உடைக்கும் புரோகிராமை வெளியிட்டிருந்தார்கள். அதே வருஷம் நாப்ஸ்டர் வேறு. டி.வி.டி. ஆடியோவின் வெளியீடே தள்ளிப்போனது.

முடிவு? காசு கொடுத்து வாங்கியவர் தலையில் ஆறு ஒயர்! முன் இடது, முன் வலது, நடு, பின் இடது, பின் வலது, சப்-ஊஃபர். பிளேயருக்குள்ளேயே பழைய அனலாக்காக மாற்றி, ஒன்றுக்கு ஒரு ஒயர். இரண்டை மாற்றிச் செருகினால் முன்னால் கேட்க வேண்டிய தவில் பின்னாலிருந்து முழங்கும். இன்னொரு சங்கடம்: பெரும்பாலான ரிஸீவர்களில் இந்த வழியாக வரும் ஒலி நேரே ஆம்ப்ளிஃபயருக்குப் போய்விடும். ஸ்பீக்கர் எவ்வளவு தூரம், கனத்த ஒலி எதற்குப் போக வேண்டும் என்று ரிஸீவரில் செய்துவைத்த ஏற்பாடு எதுவும் செல்லாது. பிளேயரின் மெனுவில் மறுபடியும் முதலிலிருந்து! (பழைய பிளேயர் வைத்திருக்கிறீர்களா? அங்கே பாருங்கள்.)

ஒரே ஒயரில், பூட்டோடு சேர்த்து எல்லாவற்றையும் அனுப்பும் ஹெச்.டி.எம்.ஐ. பிற்பாடு வந்தது. 2004-ல் டி.வி.டி. ஆடியோவுக்கும், 2005-ல் சூப்பர் ஆடியோவுக்கும் வழி பிறந்தது. அதற்குள் ஜனங்கள் எம்.பி.3-யைக் காதில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வேடிக்கையைப் பாருங்கள்: உயர்ந்த தரத்தில் திருடிவிடுவார்கள் என்று பயந்தார்கள், ஊர் உலகம் நகலெடுத்ததோ, தரம் குறைந்த எம்.பி.3-ஐ! டி.வி.டி. ஆடியோ மறைந்துவிட்டது. சூப்பர் ஆடியோ, ரசிகர்கள் சிலருக்காக இன்னும் கொஞ்சம் வெளிவருகிறது.

டெல்டாக்காரர்களுக்கு இது புரியும். தண்ணீர் திருட்டுப் போகிறதே என்று ஷட்டரை இறக்கினால், முதலில் காய்வது கடைமடைக்காரரின் வயல்தான்.